சுவர் திறக்கும் வீடுகள்

1837இல் இங்கிலாந்தின் அரியணை ஏறிய விக்டோரியாவிடம், சிறுமிப் பருவத்தில் 132 மரப்பொம்மைகள் இருந்தன. மூன்று அங்குலத்திலிருந்து ஒன்பது அங்குலம் வரை உயரம் கொண்ட எளிய பொம்மைகள். ஓபரா, பாலே மேடைகளில் கண்ட கலைஞர்களையும் அரசவைச் சீமாட்டிகளையும் நினைத்து அவற்றுக்கு ஆடை தைக்கப்பட்டது. 32 பொம்மைகளுக்கு இளவரசியே தைத்தார். ஏனையவற்றை அவரது ஆசிரியை லேசன் அம்மையார் கவனித்துக்கொண்டார். பொம்மைகளின் பெயர்கள் ஒரு குறிப்பேட்டில் ஒழுங்காக எழுதப்பட்டன. தாயின் கடுமையான கண்காணிப்பில், சமவயதுத் தோழிகள் அதிகமின்றி வளர்ந்த சிறுமிக்கு அந்த மரக்கூட்டமே சுற்றமாக இருந்தது என்று சொல்லலாம். ஏறத்தாழப் பதினான்கு வயதில் அந்த விளையாட்டு முடிவுக்கு வந்தது.

பொம்மை வீடு தொடக்கத்தில் குழந்தைகளுக்கானதாக இருக்கவில்லை. பவேரியக் கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்ட் 1550களின் இறுதியில் செய்வித்ததும், ஆம்ஸ்டர்டாமில் பெட்ரோனெல்லா ஊர்ட்மன் 1686 முதல் அலங்கரித்ததும் பெரியவர்களின் செல்வத்தைப் பறைசாற்றிய காட்சிப் பொருள்களே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானியப் பட்டறைகளிலிருந்து மலிவான மரச்சாமான்களும் பீங்கான் தலைகளும் வந்து குவிந்த பிறகுதான், அது நடுத்தர வர்க்கக் குழந்தைகளின் அறைக்குள் பரவலாக நுழைந்தது.

அந்த வீட்டின் முன்சுவரைக் கதவுபோல் திறந்தால், ஒரு சமூகத்தின் குறுக்குவெட்டுத் தோற்றம் தெரியும். கீழே சமையலறை, நடுவே வரவேற்பறையும் உணவறையும், மேலே படுக்கையறையும் குழந்தைகள் அறையும். 1861இல் நூலாக வெளிவந்த திருமதி பீட்டனின் இல்லப் பராமரிப்புக் கையேடு, குடும்பத் தலைவியைப் படைத்தலைவருக்கு ஒப்பிட்டது. அந்தப் படைநடத்தலைச் சிறுமி பழகிய பயிற்சிக்களம் பொம்மை வீடு எனலாம். எஜமானிப் பொம்மை வரவேற்பறையிலும் பணிப்பெண் பொம்மை அடுப்படியிலும் இருக்க வேண்டும் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டின் அமைப்பே அதைக் கற்பித்தது. 1891இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் வீட்டு வேலைக்காரிகளாக இருந்தனர் என்பதை இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பொம்மைகளைச் செய்த கைகளோ வேறு உலகத்தைச் சேர்ந்தவை. லண்டனின் உழைக்கும் ஏழைகளைப் பற்றி எழுதிய ஹென்றி மேஹ்யூ, பொம்மைக் கண்கள் செய்யும் ஒருவரைச் சந்தித்திருக்கிறார். அரசியின் கண்கள் நீலமாதலால் இங்கிலாந்தில் நீலக் கண்ணே விலைபோகிறது என்றும், ஸ்பெயினுக்குக் கறுப்புக் கண்களே வேண்டும் என்றும் அவர் விளக்கினார். அதே தொழிலாளி மனிதர்களுக்கும் செயற்கைக் கண்கள் செய்து கொடுத்தார். டிக்கன்ஸ் 1864-65இல் எழுதிய 'அவர் மியூச்சுவல் ஃபிரண்ட்' நாவலில் வரும் ஜென்னி ரென் பொம்மைகளுக்கு உடை தைப்பவள். முதுகும் கால்களும் நலிந்த அந்தச் சிறுபெண், தெருவில் நின்று சீமாட்டிகளின் உடைகளைக் கண்ணாலேயே அளவெடுத்து வந்து தைக்கிறாள். குடிகாரத் தந்தையைக் காப்பாற்றும் பொறுப்பும் அவளுடையதே. பொம்மையோடு விளையாட அவளுக்கு நேரம் ஏது?

இந்தக் காலகட்டத்தில்தான், 1879இல், நார்வே நாடகாசிரியர் இப்சனின் 'பொம்மை வீடு' கோபன்ஹேகனில் அரங்கேறியது. தந்தைக்கும் பின்னர் கணவனுக்கும் பொம்மையாகவே வாழ்ந்ததை உணர்ந்து நோரா வெளியேறுகிறாள். அந்த முடிவைப் பற்றிப் பலரும் பேசியிருக்கிறோம். ஆனால் முதல் அங்கத்தில் ஒரு சிறு செய்தி இருக்கிறது: கிறிஸ்துமஸுக்காக நோரா தன் மகளுக்கு வாங்கி வருவது ஒரு பொம்மையும் பொம்மைக் கட்டிலும். மலிவானவைதான், எப்படியும் உடைத்துவிடுவாள் என்று வேறு சொல்லிக்கொள்கிறாள். தான் சிக்கியிருக்கும் வீட்டையே அறியாமல் மகளுக்கும் அளிக்கிறாள் தாய்.

1889இல் லண்டன் மேடையில் ஜேனட் அச்சர்ச் நோராவாக நடித்தார். மணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ள முழு உரிமை தந்த சட்டம் அங்கே 1882இல்தான் வந்திருந்தது. அரங்கில் இருந்த பெண்களில் பலர் பொம்மை வீட்டோடு விளையாடி வளர்ந்தவர்களாகவே இருந்திருப்பார்கள். சிறுமிகளாக இருந்தபோது அதன் முன்சுவரை வெளியிலிருந்து திறந்து பார்த்தவர்கள் அவர்கள். வீட்டின் கதவை உள்ளிருந்து திறந்துகொண்டு போகும் ஒருத்தியை அன்று கண்டார்கள்.