ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீர் எரிவாயு

சேலம், நாமக்கல் வட்டாரத்துச் சேகோ ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவு பிரித்தபின் மிஞ்சும் நீரை, காற்றுப் புகாத கலனில் நொதிக்கவைத்து மீத்தேன் எடுக்கும் முறை. உணவுத் தொழிலின் கழிவுநீரை எரிபொருளாக்குவதற்குத் தமிழ்நாட்டில் இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு அரிது. இவ்வாலைகளின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் 1981இல் தொடங்கியது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

தோல் உரித்துக் கழுவிய கிழங்கை அரைத்துச் சலித்தால் நார்ச்சக்கையான திப்பி ஒதுங்கும். மாவுப்பால் தொட்டிக்குப் போகும். மாவு அடியில் படிந்ததும் மேலே நிற்கும் நீரே முதன்மைக் கழிவு. கரைந்த மாவும் சர்க்கரையும் இருப்பதால் சீக்கிரமே புளித்துவிடும். கிழங்கில் இயல்பாகவே உள்ள சயனைடும் அதில் இறங்கியிருக்கும். திறந்த குட்டையில் தேக்கினால் நாற்றம் ஒரு பக்கம். அடியில் ஊறும் மீத்தேன் காற்றில் கலப்பது இன்னொரு பக்கம். நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும்.

கலனுக்குள் இரண்டு வகை நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன. ஒன்று மாவுப்பொருளை விரைவாக அமிலமாக்கும். மற்றொன்று அந்த அமிலத்தை மெதுவாக மீத்தேனாக்கும். சிக்கல் முழுவதும் இந்த வேக வேறுபாட்டில்தான். நீரை அவசரப்பட்டு ஏற்றினால் அமிலம் தேங்கி, பிஎச் 7ஐ ஒட்டி இருந்தால் மட்டுமே நன்றாக இயங்கும் இரண்டாம் வகை முடங்கிவிடும். அதனால்தான் சுண்ணாம்பு சேர்த்து அமிலத்தைத் தணிக்கிறார்கள். சயனைடுக்கோ நுண்ணுயிர்கள் படிப்படியாகப் பழகிக்கொள்கின்றன.

நீரைக் கீழிருந்து மேலாக ஓடவிட்டு, கசடைப் படுகையாக உள்ளேயே நிறுத்தும் கலனை நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் காட்சே லெட்டிங்கா 1970களில் உருவாக்கினார். முதலில் அது சர்க்கரை ஆலைக் கழிவுநீருக்காகத்தான். இந்தக் கசடு மாதக்கணக்கில் தீனியின்றிக் கிடந்தாலும் மீண்டும் உயிர்பெறும். கிழங்கு சீசனில் மட்டும் ஓடும் ஆலைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கழிவுநீரிலுள்ள கரிமப்பொருளின் அளவுகோலான வேதி ஆக்சிஜன் தேவையில் நீக்கப்படும் ஒவ்வொரு கிலோவுக்கும் கோட்பாட்டளவில் 0.35 கனமீட்டர் மீத்தேன் கிடைக்கும். வாயுவில் கலந்துவரும் ஹைட்ரஜன் சல்பைடு இயந்திரத்தை அரிக்கும் என்பதால் அதை நீக்கிய பிறகே ஜெனரேட்டருக்கு அனுப்பவேண்டும். ஜவ்வரிசி வறுக்கும் அடுப்பிலும் விறகுக்குப் பதிலாக இதை எரிக்கலாம்.

புழுங்கல் அரிசி ஆலைகளின் நெல் ஊறல்நீருக்கும் இம்முறை ஒத்துவரும். காஞ்சிபுரத்துப் பட்டுச் சாயப்பட்டறை நீரின் கதை வேறு: நீக்கவேண்டியது சாயமும் உப்பும் என்பதால், அதில் வாயுவை நம்பிக் கலன் கட்டுவது வீண்செலவு.