பந்தெறிந்த பேராசிரியர்

டெட் லூயிஸ் என்றால் பேஸ்பால் பிரியர்களிலேயே பலருக்குத் தெரியாது. கல்லூரியில் பாடம் நடத்தியே காலத்தைக் கழித்த எனக்கு அவர்மேல் தனிப் பிரியம்.

1872இல் வேல்ஸில் மகின்லெத் என்ற சிற்றூரில் பிறந்தவர். சிறுவயதிலேயே குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. வில்லியம்ஸ் கல்லூரியில் படிப்பை முடித்த கையோடு, 1896இல் பாஸ்டன் அணியில் பிட்சராகச் சேர்ந்தார். பந்தெறியும் தூரத்தை அறுபது அடி ஆறு அங்குலமாக நீட்டி அப்போது மூன்றே ஆண்டுகள். கூடுதல் தூரத்தில் தோள் தாங்காமல் எத்தனையோ பேர் திணறிய காலம் அது. இவரோ 1898இல் ஒரே பருவத்தில் 26 ஆட்டங்களை வென்று கொடுத்தார். லீக் பட்டமும் பாஸ்டனுக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆட மாட்டார், பக்திமான். அந்தப் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

1901இல் புதிதாக எழுந்த அமெரிக்கன் லீக்கில், புகழ்பெற்ற சை யங்கோடு ஒரே அணியில் ஆடி 16 வெற்றிகள். அத்தோடு விளையாட்டுக்கு முழுக்குப் போட்டார். முப்பதுகூட ஆகவில்லை, கையும் ஓய்ந்துவிடவில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்திலும், பிறகு தான் படித்த வில்லியம்ஸிலும் மாணவர்களுக்குப் பேச்சுக்கலை கற்றுக்கொடுத்தார். அடுத்து மாசசூசெட்ஸ் வேளாண் கல்லூரி. உழவு படிக்க வந்த பிள்ளைகளுக்கு இலக்கியம் சொல்லிக்கொடுத்தவர், அங்கேயே தலைவராகவும் உயர்ந்தார். 1927இல் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்ட் அவருடைய நெருங்கிய நண்பர். பேஸ்பாலும் கவிதையும் இருவருக்குமே உயிர். 1936இல் இறக்கும்வரை லூயிஸ் அந்தப் பதவியில்தான் இருந்தார்.