அழுத்த வேறுபாட்டால் சிக்கிய துளைக்கருவிகளை விடுவித்தல்

ஆழ்கிணறு தோண்டும்போது துளைச்சுவரில் ஒட்டிக்கொண்டு அசைய மறுக்கும் குழாயையும் பிற கருவிகளையும், அவற்றைப் பிடித்திருக்கும் அழுத்த வேறுபாட்டைக் குறைத்தோ முற்றிலும் சமன்செய்தோ மீட்கும் தொழில்நுட்பம். சேற்றைச் சுழலவிட்டுத் தோண்டப்படும் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளில் பெரிதும் பயன்படுகிறது. தமிழ்நாட்டில் காற்றழுத்தத்தால் கடும்பாறையில் போடப்படும் போர்வெல்களில் சேற்றுப் பத்தி கிடையாது; ஆகவே இவ்வகைச் சிக்கல் அங்கே எழுவதில்லை.

சிக்கலின் இயல்பு

சுழல்துளை முறையில் சேறு குழாயின் உள்ளே இறங்கி, துளைமுனையின் வாய்கள் வழியே வெளிப்பட்டு, குழாய்க்கும் துளைச்சுவருக்கும் நடுவிலுள்ள வளைய இடைவெளியில் மேலேறுகிறது. அது பாறைத்தூளைச் சுமந்து வருகிறது; துளைமுனையைக் குளிர்விக்கிறது; பாறையிலுள்ள எண்ணெய், வாயு, நீர் ஆகியவை துளைக்குள் பாயாதபடி தன் எடையால் தடுக்கிறது. இம்மூன்றாவது பணிக்காகவே சேற்றின் அழுத்தம் பாறைநீர்மத்தின் அழுத்தத்தைவிடச் சற்று மிகுதியாக வைக்கப்படுகிறது.

நுண்துளைகள் நிறைந்த மணற்பாறை குறுக்கிடும் இடத்தில் சேற்றிலுள்ள நீர் பாறைக்குள் கசியும். களிமண் பின்தங்கிச் சுவரில் அடையாகப் படியும். குழாய் அசையாமல் நின்று அந்த அடையில் புதைந்துவிட்டால், புதைந்த பக்கத்தில் பாறையின் குறைந்த அழுத்தமும் மறுபக்கத்தில் சேற்றின் முழு அழுத்தமும் நிலவும். ஓடும் பம்புசெட்டின் உறிஞ்சுகுழாய் வாயில் பலகைத் துண்டை நீர் அழுத்திப் பிடிப்பது போல, சேறு குழாயைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கிறது.

இந்த விசையின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயன் தரும். 3,000 மீட்டர் ஆழத்தில் 1.30 ஒப்படர்த்தியுள்ள சேற்றின் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 390 கிலோ. அங்குள்ள மணற்பாறையின் அழுத்தம் 1.05 ஒப்படர்த்திக்கு ஈடானது என்றால் 315 கிலோ. வேறுபாடு 75 கிலோ. 10 மீட்டர் நீளமும் 7 செ.மீ. அகலமும் உள்ள பட்டையாகக் குழாய் புதைந்திருந்தால் தொடுபரப்பு 7,000 சதுர செ.மீ. எனவே குழாயைச் சுவரோடு அழுத்தும் விசை 525 டன். உராய்வுக் கெழு 0.2 என்று கொண்டால், குழாயின் சொந்த எடைக்கு மேல் இன்னும் 105 டன் இழுத்தால்தான் அது நகரும். அடை தடிக்கத் தடிக்கத் தொடுபரப்பு கூடும். அடையிலிருந்து நீர் வற்ற வற்ற உராய்வும் கூடும். ஒரு மணி நேரத்துக்கு முன் போதுமாக இருந்த இழுப்பு இப்போது போதாது.

வரலாறு

துளைக்குள் சிக்கிய கருவியை மீட்கும் கலை துளையிடலைப் போலவே பழையது. சீனாவின் சிச்சுவான் மாநிலத்தில், சிகோங் நகரின் உப்புநீர்க் கிணறுகளை மூங்கில் வடத்தில் தொங்கும் இரும்பு உளியால் இடித்து இடித்தே தோண்டினார்கள். அங்குள்ள ஷென்ஹாய் கிணறு 1835-இல் 1,001.42 மீட்டர் ஆழத்தை எட்டியது. உலகில் ஆயிரம் மீட்டரைத் தாண்டிய முதற்கிணறாக அது போற்றப்படுகிறது. அறுந்துவிழுந்த வடத்தையும் உடைந்த உளியையும் எடுப்பதற்கென்றே பல வடிவக் கொக்கிகளையும் பற்றுகருவிகளையும் சிகோங் கைவினைஞர்கள் உருவாக்கியிருந்தனர். ஆயினும் அவர்கள் சந்தித்தவை முறிவும் சரிவுமே. சுவரை அழுத்தும் கனமான சேற்றுப் பத்தி அக்கிணறுகளில் இல்லை. 1859 ஆகஸ்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், டைட்டஸ்வில் அருகே எட்வின் டிரேக் எண்ணெய் கண்ட கிணறும் இடித்துத் தோண்டியதே. அதன் ஆழம் ஏறத்தாழ 21 மீட்டர்.

சுழலும் பொள்ளல் தண்டின் வழியே நீரைச் செலுத்தித் துளையைக் கழுவும் கருத்து 1840-களில் பிறந்தது. இங்கிலாந்தில் ராபர்ட் பியர்ட் அதற்குக் காப்புரிமை பெற்றார். பிரான்சின் பெர்பிஞ்ஞான் நகரில் ஃபோவெல் நீர்ப்பாய்ச்சலுடன் கிணறு தோண்டிக் காட்டினார். நீருக்குப் பதிலாகச் சேறு வந்ததைப் பெரும்பாலும் டெக்சாசின் ஸ்பிண்டில்டாப் எண்ணெய்க் கிணற்றோடு இணைத்துச் சொல்வார்கள். தளர்ந்த மணலில் துளை சரிந்துகொண்டே இருந்ததால், அதைத் தோண்டிய ஹாமில் சகோதரர்கள் நீர்க்குட்டையில் மாடுகளை ஓட்டிச் சேறாக்கி அதையே துளைக்குள் செலுத்தினார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. 1901 ஜனவரி 10-ஆம் நாள் அக்கிணறு பீறிட்டுப் பாய்ந்தது. சேறு சரிவைத் தடுத்தது. அதே சேறு சுவரில் அடையாகப் படியவும் தொடங்கியது.

அடுத்த இருபதாண்டுகளில் சேறு ஓர் அறிவியலானது. சேற்றைக் கொண்டு வாயுவை அடக்கும் முறையை விளக்கி அமெரிக்கச் சுரங்கப் பணியகம் 1914-இலும் 1916-இலும் அறிக்கைகள் வெளியிட்டது. 1920-களில் லூசியானாவில் பென் ஸ்ட்ரவுட் பேரைட் போன்ற கனப்பொருள்களைச் சேற்றில் கலந்து அதன் எடையை உயர்த்தினார். 1922-இல் ஜேம்ஸ் ஏபர்கிராம்பியும் ஹாரி கேமரனும் கிணற்றின் வாயை அடைக்கும் பீறிடல் தடுப்பானை வடிவமைத்தனர். கிணறுகள் ஆழமாயின, சேறு கனத்தது, பாறைக்கும் சேற்றுக்கும் இடையிலான அழுத்த வேறுபாடும் வளர்ந்தது. சற்று நேரம் நிறுத்திவைத்த குழாய் மீண்டும் நகராமற்போன நிகழ்வுகள் பெருகின. சேற்றின் பசைத்தன்மையே காரணம் என்று பலரும் கருதினர்.

இக்கருத்தை மாற்றிய முதற்கட்டுரை 1937-இல் வந்தது. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஆண்டு வெளியீட்டில் ஜே. டி. ஹேவர்ட், உறைந்து நிற்கும் குழாயின் பின்னால் இருப்பது அழுத்த வேறுபாடே என்று எடுத்துக்காட்டினார். இருபதாண்டுகள் கழித்து, 1957-இல், அதே வெளியீட்டில் ஹெல்மிக், லாங்லி இருவரும் இதை ஆய்வகத்தில் நிறுவினர். விடுவிக்கத் தேவையான இழுப்பு அழுத்த வேறுபாட்டோடும், குழாய் அசையாதிருந்த நேரத்தோடும் சேர்ந்து உயர்வதை அவர்களின் சோதனை காட்டியது. அத்துடன் பசைக் கொள்கை முடிவுக்கு வந்தது. 1958-இல் அவுட்மன்ஸ் இந்நிகழ்வின் இயக்கவியலைக் கணிதமாக எழுதினார். 1962-இல் ஆனிஸ், மோனகன் இருவரும் எஃகுக்கும் சேற்று அடைக்கும் இடையிலான உராய்வு நேரத்தோடு உயர்ந்து ஓர் உச்சத்தை எட்டுவதை அளந்தனர். இதே காலத்தில் புறப்பரப்பில் திருகுசுருள் பள்ளம் வெட்டிய டிரில் காலர்கள் (துளைமுனைக்கு மேலே பொருத்தும் கனத்த குழாய்கள்) புழக்கத்துக்கு வந்தன. சுவரைத் தொடும் பரப்பைக் குறைப்பதே அப்பள்ளத்தின் நோக்கம்.

இனங்காணல்

எந்த வகையில் சிக்கியது என்று தெரியாமல் மருத்துவம் பார்க்கக் கூடாது. அழுத்த வேறுபாட்டுச் சிக்கலுக்கு மூன்று அடையாளங்கள் உண்டு: சிக்குவதற்குச் சற்று முன் குழாய் அசையாமல் நின்றிருக்கும், மேலே, கீழே, சுற்றாக எத்திசையிலும் நகராது, ஆனால் சேற்றோட்டம் முன்போலவே தடையின்றி நடக்கும், பம்பின் அழுத்தமும் மாறாது. சேறு ஓடவில்லை என்றால், பாறைத்தூளோ சரிந்த களிப்பாறையோ இடைவெளியை அடைத்திருக்கிறது என்று பொருள். மேலே இழுக்கும்போது சிக்கி, கீழே மட்டும் நகர்ந்தால் வளைந்த துளையின் சுவரில் குழாய் அறுத்த பள்ளமே காரணமாகலாம். இவ்விரண்டுக்கும் அழுத்தத்தைச் சமன்செய்தல் மருந்தல்ல. சரிவுள்ள துளையில் அழுத்தத்தைக் குறைத்தால் சரிவு கூடும்.

அழுத்தத்தைச் சமன்செய்யும் முறைகள்

*சேற்றின் அடர்த்தியைக் குறைத்தல்.* நீரோ எண்ணெயோ கலந்து மெலிதாக்கிய சேற்றைச் சுழலவிடுவது எளிய வழி. முழுக் கிணற்றையும் மாற்ற நேரம் பிடிக்கும். அதற்குள் அடை தடித்துவிடும்.

*யு-குழாய் முறை.* இத்துறையின் மிகத் தெளிவான சிந்தனை இதில் வெளிப்படுகிறது. குழாயின் உட்பகுதியும் வெளியே உள்ள வளைய இடைவெளியும் அடியில் இணைந்த இரு கிளைகள். ஒரு கிளையில் இலேசான திரவத்தை ஏற்றி, பின் அதைத் திரும்ப வெளிவிட்டால், மறுகிளையின் சேற்றுமட்டம் இறங்கும். சிக்கிய இடத்தின் அழுத்தமும் இறங்கும்.

முன்சொன்ன கிணற்றில் அழுத்தத்தை 390-இலிருந்து 330 கிலோவாகக் குறைக்க வேண்டும் என்று கொள்வோம். வளைய இடைவெளியில் 2,538 மீட்டர் சேறு நின்றால் போதும். அதாவது மட்டம் 462 மீட்டர் இறங்க வேண்டும். குழாய்க்குள் 0.85 ஒப்படர்த்தியுள்ள டீசல் 1,333 மீட்டர் நின்றால் அங்கும் அதே 330 கிலோ கிடைக்கும். ஆனால் 1,333 மீட்டர் டீசலை மட்டும் ஏற்றினால் போதாது. இடைவெளியில் இறங்கும் சேறு குழாயின் அடியில் நுழைந்து டீசலை மேலே தள்ளும். திரும்பி வரும் அந்த அளவையும் முன்கூட்டியே சேர்த்து ஏற்ற வேண்டும். துளை 8½ அங்குலம், குழாயின் வெளிவிட்டம் 5 அங்குலம், உள்விட்டம் 4.276 அங்குலம் என்றால், திரும்பி வருவது சுமார் 11 கன மீட்டர். உள்ளே நிற்பது சுமார் 12.4 கன மீட்டர். ஆக ஏற்ற வேண்டியது சுமார் 23.4 கன மீட்டர். காலர்களின் பருமன் வேறுபாடு இங்கே எளிமைக்காக விடப்பட்டுள்ளது. முழு டீசலும் இறங்கியபின் பம்பை நிறுத்தினால், குழாயின் தலையிலுள்ள அளவி ஏறத்தாழ 114 கிலோ காட்டும்.

பிறகு டீசலைச் சிறு வால்வு வழியே மெல்ல மெல்லத் திறந்துவிட வேண்டும். ஒவ்வொரு படியிலும் நிறுத்தி, குழாய்க்கு வலப்புறத் திருக்கு கொடுத்து, எடையைக் கீழே இறக்கிப் பார்க்க வேண்டும். மேலே இழுப்பதைவிடக் கீழே இறக்குவதே இங்கே பலன் தரும். விடுபட்ட கணமே குழாயைச் சுழற்றி நகர்த்திக்கொண்டே இருந்து, இடைவெளியைச் சேற்றால் நிரப்பி, டீசலை வெளியேற்ற வேண்டும். நின்றால் மீண்டும் ஒட்டும்.

*அடைப்பான் முறை.* சிக்கிய பகுதிக்கு மேலே மரை இணைப்பைத் தளர்த்திச் சிறு வெடித்திரி உதவியால் கழற்றி, விடுபட்ட குழாயை வெளியே எடுப்பார்கள். பிறகு பாறைச் சோதனைக்குரிய அடைப்பானும் வால்வும் பொருத்திய வேறு தொடரை இறக்கி, உள்ளே கிடக்கும் குழாயோடு இணைத்து, அடைப்பானை விரித்து வால்வைத் திறப்பார்கள். அடைப்பானுக்குக் கீழே மட்டும் அழுத்தம் சட்டென்று விழும். மேலே சேற்றுப் பத்தி அப்படியே நின்று துளையைக் காக்கும். அடைப்பான் பொருந்துவதற்குக் கட்டியான, சீரான துளைச்சுவர் வேண்டும்.

*ஊறவைத்தல்.* டீசலையோ அதற்கென்று தயாரித்த எண்ணெய்க் கலவையையோ சிக்கிய இடத்தைச் சுற்றி நிறுத்தி வைப்பது பரவலான வழக்கம். எண்ணெய் அடையை வெடிக்கச் செய்து, குழாய்க்கும் அடைக்கும் நடுவே புகுந்து, தொடுபரப்பைக் குறைக்கிறது. அப்போது சேற்றின் அழுத்தம் குழாயின் புதைந்த பக்கத்தையும் சென்றடைகிறது. பல ரிக்குகளில் இதையே முதலில் செய்கிறார்கள். ஆனால் இது பல மணி நேரம் காத்திருக்கச் செய்கிறது. அழுத்தத்தைக் குறைப்பதோ மூலக்காரணத்தையே நேரடியாகத் தொடுகிறது.

இடர்களும் நிபந்தனைகளும்

சேற்றின் அழுத்தம் குறையும்போது, குழாய் சிக்கிய மணற்பாறை மட்டுமன்றித் திறந்திருக்கும் எல்லாப் பாறைகளும் அதை உணரும். அவற்றுள் ஒன்றில் உயர் அழுத்த வாயு இருந்தால் அது துளைக்குள் பாயும். ஆகவே யு-குழாய் முறைக்கு முன் திறந்திருக்கும் ஒவ்வோர் அடுக்கின் அழுத்தமும் தெரிந்திருக்க வேண்டும். பீறிடல் தடுப்பான் சோதித்த நிலையில் இருக்க வேண்டும். கனச்சேறு தயாராக இருக்க வேண்டும். குழாய்த்தொடரில் ஒருவழி வால்வு இருந்தால் திரவம் திரும்பி வராது; இம்முறை நடவாது. துளைமுனையின் வாய்களைப் பாறைத்தூள் அடைக்கவும் கூடும். இவற்றில் ஐயம் இருந்தால் இம்முறையைத் தொடவே கூடாது.

இத்தனை எச்சரிக்கை தேவைப்படும்போதும், கண்மூடித்தனமாக இழுப்பதைவிட இது பாதுகாப்பானது. குழாயின் தாங்குவலிமையை மீறிய இழுப்பு அதை அறுத்துவிடும். சிக்கிய ஒரு பிரச்சினை அறுந்த இரண்டாகும். எந்த முறையும் பலிக்காவிட்டால், விடுபட்ட பகுதியைக் கழற்றியெடுத்து, எஞ்சியதைச் சிமென்டால் மூடி, பக்கவாட்டில் புதுத்துளை போடுவார்கள்.

தடுப்பு

சேற்றின் எடையைத் தேவைக்கு மேல் ஏற்றாமை, அடை மெல்லியதாகவும் இறுக்கமாகவும் படியும்படி சேற்றைப் பேணல், குழாயை நிறுத்தாமை, திருகுசுருள் காலர்களையும் துளையின் நடுவில் நிறுத்தும் நிலைநிறுத்திகளையும் பயன்படுத்தல், எண்ணெய்ச் சேற்றைத் தேர்தல் ஆகியவை முதன்மையானவை. பல ஆண்டுகள் எண்ணெய் எடுத்ததால் அழுத்தம் வடிந்துபோன பழைய வயல்களில் இந்த ஒழுங்குகள் இன்னும் கட்டாயமாகின்றன.

இன்றைய நிலை

இடைவிடாது சுழலும் திசைதிருப்பு கருவிகளும், அழுத்தத்தை நொடிக்கு நொடி கட்டுப்படுத்தும் துளையிடல் முறையும் இச்சிக்கலைக் குறைத்துள்ளன. இந்தியாவில் எண்ணெய், இயற்கை எரிவாயுக் கழகத்தின் துளையிடல் தொழில்நுட்ப நிறுவனம் டேராடூனில் கிணற்றுக் கட்டுப்பாட்டுப் பயிற்சி அளிக்கிறது.