கொள்ளிடத்துக்கு வடக்கே – 7: தூர்னோனின் கேள்விகள்

தஞ்சை மன்னர் ஷாஜி 1701இல் தம் நாட்டுக் கிறிஸ்தவர்கள்மீது கைவைத்த கதையோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். கோயில்கள் விழுந்தன. உபதேசியார்கள் பிடிபட்டார்கள். சாமியார் ஒருவர் சிறையிலேயே உயிர்விட்டார். தஞ்சைப் படையின் கை எட்டாத இடம், கொள்ளிடத்துக்கு வடக்கே மழவராயர்கள் ஆண்ட அரியலூர்ச் சீமை. இன்றைக்கு ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலையும் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் இருக்கின்றனவே, அங்கிருந்து தெற்கே ஆற்றங்கரைப் பக்கம் இறங்கினால் ஏலாக்குறிச்சி வரும். திருக்காவலூர் என்பதும் அதுதான். ஓடிவந்தவர்களுக்குப் புகலிடமான ஊரில் கோயில் கொண்ட தாய்க்கு அடைக்கல மாதா என்றே பெயர்.

ஓடிவந்தவர்களின் கதை உருக்கமானது. ஆனால் இந்த வாரம் நான் எழுத நினைப்பது, அந்தப் பக்கம் வரவே வராமல் நின்றவர்களைப் பற்றி. சாமியார் சொன்னதைக் கேட்டார்கள், தலையாட்டினார்கள், அவருக்கு அரிசியும் பாலும் கொடுத்தார்கள். ஞானஸ்நானம் என்ற பேச்சு வந்ததும் எழுந்து போய்விட்டார்கள். ஏன்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட நூறு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

1595இல் மதுரைக்கு வந்தவர் கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துக்கீசியர். பள்ளி நடத்தினார், நோயாளிகளைப் பார்த்தார். நல்ல மனிதர் என்று நாயக்கர் தலைநகரமே ஒப்புக்கொண்டது. பதினோரு ஆண்டுகளில் உள்ளூர் மேல்சாதியாரில் ஒருவர்கூட அவரோடு சேரவில்லை. காரணம் வேதத்தில் இல்லை. அவர் பறங்கி. மாட்டுக்கறி தின்பவர், மது குடிப்பவர், யார் வீட்டிலும் நுழைகிறவர். அவர் கையால் தண்ணீர் வாங்கித் தலையில் ஊற்றிக்கொண்டால் தானும் பறங்கியாகிவிடுவோம் என்று மதுரைக்காரர் நினைத்தார்கள். பறங்கியானவன் மகளுக்கு மாப்பிள்ளை கிடைக்காது. அவன் செத்தால் பங்காளிகள் தூக்க வரமாட்டார்கள். கடவுள் ஒருவரா மூவரா என்ற விவாதத்துக்குப் போகும் முன்பே கதை முடிந்துவிடும்.

1606 நவம்பரில் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி இதைப் புரிந்துகொண்டார். நான் பறங்கியல்ல, ரோமாபுரி ராஜகுலத்துச் சந்நியாசி என்றார். காவி உடுத்தினார், கறியை விட்டார், பிராமணச் சமையற்காரரை வைத்துக்கொண்டார், பெர்னாண்டஸின் வீட்டை விட்டுத் தனிக் குடிலுக்குப் போனார். தமிழும் சமஸ்கிருதமும் படித்தார். பூணூலும் குடுமியும் சந்தனமும் மதம் மாறியவர்களுக்கும் உண்டு, அவை குலத்தின் அடையாளமே தவிர வழிபாடு அல்ல என்று சாதித்தார். ஆட்கள் வந்தார்கள். கூடவே வழக்கும் வந்தது. சொந்தச் சபைக்காரரான பெர்னாண்டஸே எதிராகப் புகார் எழுதினார். வழக்கு கோவா போய், ரோம் போய், 1623 ஜனவரி 31இல் போப் பதினைந்தாம் கிரகோரி நோபிலியின் பக்கம் தீர்ப்பளித்தார்.

மூடிக் கிடந்த வாசல் திறந்தது என்று சபை வரலாறுகள் இதைக் கொண்டாடுகின்றன. நோபிலியின் அறிவுக்கும் தவத்துக்கும் நான் தலைவணங்குகிறேன். ஆனாலும் அந்த வாசலை எந்த விலை கொடுத்துத் திறந்தார்கள் என்பதைச் சொல்லாமல் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. பிராமணச் சந்நியாசி கோலத்தில் இருப்பவர் பறையர் குடிசைக்குள் கால் வைக்க முடியாது. அதனால் 1640இல் பல்தசார் தா கோஸ்தா தொடங்கி, பண்டாரசாமிகள் என்று இன்னொரு வகைச் சாமியார்கள் வந்தார்கள். பண்டார வேடத்தில் இருந்ததால் இவர்கள் எல்லாச் சாதியாரிடமும் போகலாம். ஒரே சபை, ஒரே பூசை. ஆனால் சாமியார்களே இரண்டு வகை. வெளியிலிருந்த சாதித் தடையை விலக்க, கோயிலுக்குள் ஒரு தடையை நட்டார்கள். நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் சாதிக்கு ஒரு பக்கமாகக் கோயிலைப் பிரித்த தடுப்பு 1910 வரை நின்றது.

அது பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. இன்று அரியலூர், பெரம்பலூர் பக்கத்தில் ஒரு பட்டியல் சாதிக் குடும்பம் ஞானஸ்நானம் பெற்றால், 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி அந்தப் பட்டியலிலிருந்து வெளியேற வேண்டும். 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அந்த ஆணை திருத்தப்பட்டது. கிறிஸ்தவருக்குத் திருத்தப்படவில்லை. சேரியில் அதே தெரு, அதே கிணறு, அதே அவமானம். தாசில்தார் ஆபீசில் மட்டும் வேறு சான்றிதழ். பிள்ளையின் படிப்பை நினைத்துத் தயங்கி நிற்கும் தகப்பனிடம் விசுவாசம் போதவில்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

சாதிக்கு அடுத்த தடை வீட்டுக்குள் இருந்தது. மறவர் சீமையில் சிறுவல்லி ஊரை ஆண்ட தடியத்தேவர் நோயில் கிடந்தார். உபதேசியார் ஒருவர் வந்து சுவிசேஷம் வாசித்தார், நோய் தீர்ந்தது. ஞானஸ்நானம் கேட்டு வந்தவரிடம், அருளானந்தர் என்று தமிழர் அழைக்கும் ஜான் தெ பிரிட்டோ ஒரே நிபந்தனை வைத்தார். மனைவியரில் ஒருத்தியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். தடியத்தேவர் சம்மதித்தார். மற்றவர்களுக்கு வாழ்நாள் முழுதும் சோறும் துணியும் உண்டு என்று சொல்லி அனுப்பினார். 1693 ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளன்று தலையில் தண்ணீர் விழுந்தது.

அனுப்பப்பட்டவர்களில் இளையவள் கடலாயி. ராமநாதபுரம் கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். தாலி கட்டிய புருஷன் இருக்க, இனி நீ மனைவியல்ல என்று ஒரு காலையில் சொன்னால் அந்தப் பெண் எங்கே போவாள்? பிரிட்டோவின் சரித்திரத்தை எழுதியவர்களில் பலர் அவளை வில்லியாக்கி விட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் நியாயம் கேட்டுச் சேதுபதியிடம் போனாள். இரண்டே நாளில் பிரிட்டோ பிடிபட்டார். பிப்ரவரி 4ஆம் தேதி ஓரியூரில் அவர் தலை விழுந்தது.

இப்படியெல்லாம் உயிரையும் உறவையும் பணயம் வைத்து நடந்துகொண்டிருந்த ஊழியத்தின் நடுவே, 1703 நவம்பர் 6ஆம் தேதி புதுச்சேரிக் கரையில் ஒரு விருந்தாளி இறங்கினார். பெயர் சார்ல்ஸ் தாமஸ் மயார் தெ தூர்னோன். டூரினில் பிறந்தவர், வயது முப்பத்தைந்துகூட ஆகவில்லை. போப் பதினோராம் கிளமெண்டின் தூதர். சீனாவில் இயேசு சபையார் கன்பூசியஸ் வழக்கங்களுக்கும் முன்னோர் வணக்கத்துக்கும் இடம்கொடுத்துவிட்டார்கள் என்ற வழக்கை விசாரிக்கப் போகிற வழியில், தமிழ்நாட்டையும் ஒரு கை பார்க்க வந்தவர்.

எட்டு மாதம் புதுச்சேரியில் தங்கினார். உள்நாட்டுக்கு வரவில்லை, பெரும்பாலும் நோயில் இருந்தார். கொள்ளிடத்தை அவர் பார்க்கவேயில்லை. பதிலாக, அனுபவசாலிகளான இரண்டு சாமியார்களை அழைத்து விசாரித்தார். ஒருவர் பூஷே, இன்னொருவர் பெர்தோல்தி. தமிழ்க் கிராமங்களில் அலைந்து தேய்ந்தவர்கள். ரோமுக்கு நம் சங்கடத்தை விளக்க நல்ல வாய்ப்பு என்று எண்ணி இருவரும் எதையும் மறைக்காமல் பேசியிருக்க வேண்டும்.

ஞானஸ்நானத்தில் குருவானவர் தம் எச்சிலைத் தொட்டுக் காதிலும் மூக்கிலும் வைக்க வேண்டுமே, வைக்கிறீர்களா? இல்லை. உதடு படாமல் அண்ணாந்து தண்ணீர் குடிக்கும் ஊரில் அன்னியன் எச்சிலை முகத்தில் பூசினால் அத்தோடு எல்லாரும் ஓடிவிடுவார்கள். கிறிஸ்தவப் பெண்கள் கட்டும் தாலியில் என்ன உருவம்? பெண் பெரியவளானால் சடங்கு செய்கிறார்களா? பறையர் வீட்டில் ஒருவர் சாகக் கிடந்தால் சாமியார் உள்ளே போகிறாரா, இல்லை நோயாளியை வெளியே தூக்கிவரச் சொல்கிறாரா?

கேள்விகளுக்கெல்லாம் பதில் கிடைத்தது. 1704 ஜூன் 23இல் தூர்னோன் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். உடனே வெளியிடவில்லை. இரண்டு வாரம் தம்மிடமே வைத்திருந்தார். ஜூலை 8ஆம் தேதி, தாம் கப்பலேறுவதற்கு 3 நாள் முன்பு, புதுச்சேரி இயேசு சபைத் தலைவர் தாஷாரைக் கூப்பிட்டு அதை அறிவித்தார். பதினாறு உத்தரவுகள். மீறினால் சபையின் தண்டனை. முதல் உத்தரவே எச்சிலை விடக்கூடாது என்பது. தாலி மாற வேண்டும். பூப்புச் சடங்கு கூடாது. பறையர் நோயில் கிடந்தால் குருவானவர் அந்த வீட்டுக்குள் போயே ஆக வேண்டும். நூறாண்டாக யாரும் சொல்லாத நியாயம் அந்தக் கடைசி ஒன்றில் இருந்தது என்று நான் நம்புகிறேன். ஆனால் எல்லாம் ஒரே கட்டாக, ஒரே நாளில் வந்து விழுந்தது.

ஆணையை ஏற்றால் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் போய்விடுவார்கள் என்று சாமியார்கள் அஞ்சினார்கள். மறுத்தால் போப்பின் தூதரையே மறுத்ததாகும். தூர்னோனின் கப்பல் சீனாவை நோக்கிப் போய்விட்டது, அவரிடம் முறையிடவும் வழியில்லை. மிச்சமிருந்தது ரோம். நேரில் போய்ப் போப்பிடம் வழக்காட இரண்டு பேரைத் தேர்ந்தார்கள். ஒருவர் பிரான்சிஸ் லாய்னஸ். மற்றவர், தூர்னோனுக்கு எல்லாப் பதிலையும் சொன்ன அதே பூஷே.

அந்த நாளில் இத்தாலியில், கஸ்திலியோனே ஊரில் பிறந்த இயேசு சபை இளைஞன் ஒருவன் படித்துக்கொண்டிருந்தான். வயது இருபத்து மூன்று. பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. பின்னாளில் ஏலாக்குறிச்சியில் அமர்ந்து தேம்பாவணி பாடப்போகிற வீரமாமுனிவர். தூர்னோனின் பதினாறு உத்தரவுகளின் நிழலில்தான் தன் ஆயுள் கழியப்போகிறது என்பது அவனுக்குத் தெரியாது.

லாய்னஸும் பூஷேயும் ரோமில் என்ன கேட்டார்கள்? போப் வாய் திறந்து சொன்னது என்ன, எழுத்தில் கொடுத்தது என்ன?

(தொடரும்)