புல்வெட்டியும் போர்வைப் பனியும்: கோல்ஃப் திடலின் குளிர்கால வரலாறு

கோல்ஃப் திடலைக் குளிர்காலத்துக்கு ஆயத்தப்படுத்துவது இன்று ஒரு தனித் தொழில்நுட்பம். ஆனால் இந்தக் கவலை மிகவும் பிற்காலத்தது. ஸ்காட்லாந்தில் இவ்விளையாட்டு வேரூன்றிய நூற்றாண்டுகளில் அது பெரும்பாலும் குளிர்கால விளையாட்டாகவே இருந்தது. கோடையில் புல் மண்டிவிடும்; விழுந்த பந்தைத் தேடுவதிலேயே பொழுது போய்விடும். ஆடுகளும் முயல்களும் மேய்ந்து, குளிரில் புல்லின் வளர்ச்சி நின்ற பிறகே கடலோர மணல்மேடுகள் ஆட்டத்துக்கு ஏற்றவையாயின. 1567 பிப்ரவரியில் கணவர் டார்ன்லி கொலையுண்ட சில நாள்களிலேயே அரசி மேரி கோல்ஃப் ஆடினார் என்று அவருடைய பகைவர்கள் பின்னர் குற்றஞ்சாட்டினர். அது மெய்யோ பொய்யோ, பிப்ரவரியில் ஒருவர் கோல்ஃப் ஆடுவது அவர்களுக்கு விந்தையாகப் படவில்லை.

இந்தக் கால ஒழுங்கைத் தலைகீழாக்கியது ஓர் இயந்திரம். 1830இல் எட்வின் பட்டிங், ஆலைகளில் துணியின் மேற்பிசிறைச் சீவும் கருவியைக் கண்டு, அதே முறையில் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அத்தகைய இயந்திரங்கள் பரவப் பரவக் கோடையிலும் ஆட முடிந்தது. ஆண்டு முழுதும் மிதிபட்ட புல்லுக்கு ஓய்வும் மருத்துவமும் தேவைப்பட்டன. 1860களின் நடுவில் செயின்ட் ஆண்ட்ரூஸ் திடலின் பொறுப்பேற்று 1903வரை அதைப் பேணிய முதிய டாம் மாரிஸ், புல்மேல் மணல் தூவித் தரையைச் செம்மைப்படுத்தினார். ஞாயிற்றுக்கிழமைகளில் திடலை மூடியும் வைத்தார். பராமரிப்பு ஒரு தொழிலாக உருப்பெற்றது இவரைப் போன்றவர்களின் கையில்தான்.

இந்தியாவில் கதை வேறு. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழமையான கோல்ஃப் சங்கம் 1829இல் கல்கத்தாவின் டம்டம் பகுதியில் தொடங்கியது. அங்கே குளிர்காலம் திடலை மூடும் பருவமன்று, திறக்கும் பருவம். மழைக்காலம் முடிந்ததும் தேங்கிய நீரை வடித்து, மண்டிய புல்லை அறுத்து, தரையைச் சமப்படுத்தினால்தான் ஆட்டம். பந்து உருளும் தரைக்கு வாய்த்தது பெரும்பாலும் நம் அறுகு. வெயிலில் தழைக்கும் அறுகு, வடக்கின் குளிரில் பழுப்பேறி உறங்கிவிடும். ஆதலால் வட இந்தியத் திடல்கள் சிலவற்றில் இலையுதிர் காலத்தில் குளிர்தாங்கும் ரை புல்லின் விதையை அதன்மேல் தூவிப் பசுமையை வரவழைக்கிறார்கள். இந்த உழைப்பெல்லாம் மாலிகளுடையது. டாம் மாரிஸின் பெயரும் தாடியும்கூட வரலாற்றில் நின்றுவிட்டன. சங்க வரலாறுகளிலோ கோப்பை வென்றோர் பட்டியலைத் தேடலாம், மாலியின் பெயரைத் தேடிப் பயனில்லை. இது வெறும் மறதி என்று கொள்வதற்கில்லை.

மேலைப் பொருளில் குளிர்காலத்துக்கு மூட வேண்டிய திடல் நம் நாட்டில் காஷ்மீரின் குல்மார்க். சுமார் 2,650 மீட்டர் உயரத்திலுள்ள இந்த மேய்ச்சல் வெளியில் பிரிட்டிஷார் கோடையில் கோல்ஃப் ஆடினர். 1927இல் அங்கே பனிச்சறுக்குச் சங்கமும் அமைத்தனர். இத்தகைய இடங்களில் பனிக்கு முந்தைய பணிகளின் நோக்கம் ஒன்றே: உறங்கப்போகும் புல்லை வலுவோடு உறங்கச் செய்வது. கடைசி அறுப்பில் புல்லைச் சற்று உயரமாக விடுவார்கள். இளந்தளிர் துளிர்க்காதபடி தழைச்சத்தைக் குறைப்பார்கள். நீர்க்குழாய்களை வடித்துவிடுவார்கள், நின்ற நீர் உறைந்தால் குழாய் வெடிக்கும். பனிக்கடியில் பரவும் பூஞ்சைக்கு முன்கூட்டியே மருந்தடிப்பதும் உண்டு. வட அமெரிக்காவில் நெடுங்காலம் இதற்குப் பாதரசச் சேர்மங்களையே பயன்படுத்தினர்; அந்த நஞ்சு மண்ணில் தங்கியது.

இத்தனைக்கும் பின் புல்லைக் காப்பது பனியேதான். கம்பளிபோல் மூடி, உறைகுளிர்க் காற்று வேரைத் தாக்காமல் அது தடுக்கிறது. 2024 ஜனவரியில் குல்மார்க்கில் வழக்கமான பனி பொழியவில்லை. சறுக்க வந்தவர்கள் பழுப்பு நிலத்தைப் பார்த்துத் திரும்பினர்; செய்திகளும் சுற்றுலா இழப்பைப் பற்றியே பேசின. வாரக்கணக்கில் போர்வையின்றிக் கிடந்த புல்லைப் பற்றி அவற்றில் பேச்சில்லை.