கரும்புச் சாற்றை அளந்த ஆய்வகக் கருவிகள்

அறிவியல் ஆய்வகம் என்றவுடன் பீக்கர், அளவு ஜாடி, வெப்பமானி ஆகியவைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். பிராக்டிகல் தேர்வு முடிந்தால் அவற்றின் வேலையும் முடிந்துவிட்டது என்று மாணவர்கள் நினைப்பதுண்டு. ஆனால் பெண்ணாடம், நெல்லிக்குப்பம் போன்ற கரும்பு விளையும் ஊர்களில் இக்கருவிகளுக்கு வேறொரு வரலாறும் உண்டு. அது விவசாயியின் வருமானத்தோடு சேர்ந்த வரலாறு!

நாக்கும் விரலும்

ஆலைகள் வருவதற்கு முன்பு வெல்லம் காய்ச்சுபவரின் நாக்கும் விரலும்தான் அளவுகோல். கொப்பரையில் கொதிக்கும் பாகில் ஒரு சொட்டை எடுத்துக் குளிர்ந்த நீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்துப் பதம் சொல்வார்கள். 1840களில் நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை வந்தது. பிற்காலத்தில் பெண்ணாடத்தை அடுத்த இறையூரிலும் ஓர் ஆலை அமைந்தது. பல ஊர்க் கரும்பை ஒரே இடத்தில் பிழியும்போது, யார் பார்த்தாலும் ஒரே விடை தரும் அளவு தேவைப்பட்டது.

திரவமானி

அடியில் கனமான குண்டும் மேலே அளவு குறித்த மெல்லிய தண்டும் கொண்ட கண்ணாடிக் கருவியே திரவமானி (ஹைட்ரோமீட்டர்). ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி இது இயங்குகிறது. தண்ணீரில் ஆழமாக அமிழும்; அடர்த்தியான சாற்றில் மேலே எழும்பி நிற்கும். 1843இல் பொஹிமியாவைச் சேர்ந்த கார்ல் பாலிங் சர்க்கரைக் கரைசலுக்கென ஓர் அளவை வகுத்தார். அதை ஜெர்மனியின் அடால்ஃப் பிரிக்ஸ் திருத்தியமைத்தார். 100 கிராம் கரைசலில் 18 கிராம் சர்க்கரை இருந்தால் அது 18 டிகிரி பிரிக்ஸ். சாறு சூடாக இருந்தால் அடர்த்தி குறைந்து அளவும் குறைவாகக் காட்டும். அதனால்தான் வெப்பமானியும் உடன் தேவை.

ஆனால் திரவமானிக்கு ஒரு குறை உண்டு. சாற்றில் கரைந்துள்ள உப்பையும் மற்றப் பொருள்களையும் அது சர்க்கரையோடு சேர்த்தே எண்ணிவிடும்.

போலாரிமீட்டர்

இக்குறையைத் தீர்க்க வந்தது போலாரிமீட்டர். சர்க்கரைக் கரைசல் தளவிளைவுற்ற ஒளியைத் திருப்புகிறது என்பதைப் பிரான்சின் பயோ 1815இல் கண்டறிந்தார். கரும்புச் சர்க்கரையான சுக்ரோஸ் ஒளியை வலப்புறம் திருப்பும். எவ்வளவு திருப்புகிறது என்று அளந்தால் எவ்வளவு சுக்ரோஸ் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

வெட்டிய கரும்பு ஆலை வாசலில் நாள்கணக்கில் காத்திருந்தால் என்ன ஆகும்? சுக்ரோஸ் உடைந்து குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் மாறும். ஃப்ரக்டோஸ் ஒளியை இடப்புறம் வலுவாகத் திருப்பும். கரும்பு காய்வதால் பிரிக்ஸ் குறையாமல் இருக்கலாம், சில நேரம் கூடவும் செய்யலாம். போலாரிமீட்டர் அளவு மட்டும் இறங்கிவிடும். அதாவது, தாமதத்தால் வந்த இழப்பைத் திரவமானி மறைக்கும். போலாரிமீட்டர் காட்டிக் கொடுக்கும்.

அளவும் விலையும்

100 கிலோ கரும்பிலிருந்து எத்தனை கிலோ சர்க்கரை கிடைக்கிறது என்பதே சர்க்கரை கட்டுமானம். சக்கையிலும் மொலாசஸிலும் எவ்வளவு சர்க்கரை போகிறது, பாகில் எவ்வளவு நிற்கிறது என்பதை ஆலையின் ஆய்வகம்தான் சொல்லும். 2009 முதல் மத்திய அரசு அறிவித்துவரும் நியாயமான மற்றும் லாபகரமான விலை இந்தக் கட்டுமானத்தைப் பொறுத்தே அமைகிறது. 2025-26 பருவத்தில் 10.25 சதவீதக் கட்டுமானத்துக்குக் குவிண்டாலுக்கு 355 ரூபாய். அதற்கு மேல் ஒவ்வொரு 0.1 சதவீதத்துக்கும் 3.46 ரூபாய் கூடும். கீழே அதே அளவு குறையும். 9.5 சதவீதத்துக்குக் கீழே போனால் மேலும் குறைப்பதில்லை, 329.05 ரூபாய் கிடைக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. கட்டுமானம் ஆலை முழுவதற்குமான சராசரி. வெட்டிய அன்றே கரும்பைக் கொண்டுவந்தவருக்கும், லாரி வராமல் மூன்று நாள் காத்திருந்தவருக்கும் ஒரே கணக்குதான். அதனால் ஆய்வகத்தின் அளவுகளை விவசாயிகளும் பார்த்துச் சரிபார்க்க வழி இருப்பது அவசியம்.

பிராக்டிகல் தேர்வில் தசமப் புள்ளிக்குப் பின்னால் ஓர் எண் தவறினால் அரை மதிப்பெண் போகும். ஆலைக் கணக்கில் அதே 0.1 தவறினால் ஒரு டன்னுக்கு 34 ரூபாய் 60 காசு. ஏக்கருக்கு 40 டன் விளைவித்தவருக்கு அது 1,384 ரூபாய்!