பழனி மலையில் பிரெஞ்சு, ஜப்பானிய உணவு மரபுகள்

திண்டுக்கல் மாவட்டத்தின் பழனி மலைத்தொடரில், கொடைக்கானலைச் சுற்றிய ஊர்களில் 19, 20-ஆம் நூற்றாண்டுகளில் அயல்நாட்டு உணவுமுறைகள் வேரூன்றின. ஆங்கிலேய அதிகாரிகளும் அமெரிக்க மிஷனரிகளும் கொண்டுவந்தவை பரவலாக அறியப்பட்டவை. பிரெஞ்சு, ஜப்பானிய மரபுகள் இரண்டும் இயேசு சபைத் துறவிகள் வழியாக வந்தவை. இன்று பெருநகரங்களில் இவ்விரண்டும் கலந்த உணவு மிக உயர்ந்த விலைக்கு விற்கப்படுகிறது. பழனி மலையில் அவை சந்தித்தது துறவிகளின் உணவறையில்.

உயர்தர உணவகங்களின் கலப்பு

பிரெஞ்சு, ஜப்பானியச் சமையல்களின் கலப்பு 1960-களுக்குப் பின் வலுப்பெற்றது. ட்சுஜி ஷிசுவோ 1960-ல் ஒசாகாவில் சமையற்கல்விக் கூடம் ஒன்றைத் தொடங்கினார். பால் போக்யூஸ் முதலிய பிரெஞ்சுச் சமையற்கலைஞர்கள் அங்கு வந்து கற்பித்தனர், கற்றும் சென்றனர். ஆன்ரி கோ, கிறிஸ்டியன் மியோ என்னும் பிரெஞ்சு உணவு விமர்சகர்கள் 1973-ல் 'புதிய சமையல்' என்ற பெயரில் ஓர் இயக்கத்தை அறிவித்தனர். கனத்த குழம்புகளைக் குறைப்பது, பருவத்தில் கிடைக்கும் பொருளை அதன் சுவை கெடாமல் சமைப்பது, தட்டில் சிறிதளவே வைப்பது ஆகியவை அதன் அடையாளங்களாயின. இவற்றில் ஜப்பானின் கைசெகி விருந்தின் சாயல் உண்டு.

கைசெகி என்ற சொல்லை எழுதும் ஒரு முறைக்கு 'மடியில் வைத்த கல்' என்று பொருள். ஜென் துறவிகள் பசியைத் தாங்குவதற்காகச் சூடான கல்லை வயிற்றோடு அணைத்துக்கொண்டார்கள் என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். 16-ஆம் நூற்றாண்டில் சென் நோ ரிக்யூவின் தேநீர்ச் சடங்கில், தேநீருக்கு முன் அளிக்கப்படும் எளிய உணவாக இது வடிவம் பெற்றது. பசியைக் குறிக்கும் சொல் உலகின் விலையுயர்ந்த விருந்துகளில் ஒன்றின் பெயரானது விந்தைதான்.

மலையேறிய உணவு

லெப்டினன்ட் பி.எஸ். வார்டு 1821-ல் பழனி மலையை நில அளவை செய்தார். மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலுக்கு அஞ்சிக் குளிர்ந்த இடம் தேடி, 1845-ல் கொடைக்கானலில் தங்கள் முதல் வீடுகளைக் கட்டினர். மதுரை ஆட்சியராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் ஏரியை உருவாக்கினார்.

இவர்களுக்கான மாவும் பாத்திரங்களும் புட்டிகளும் தலைச்சுமையாகவே மேலே வந்தன. 1875-ல் ரயில் பாதை வந்தபின், கொடைக்கானல் ரோடு நிலையத்தில் இறங்குபவர்கள் மாட்டுவண்டியில் மலையடிவாரத்துக் கிருஷ்ணம நாயக்கன் தோப்பு வரை வருவார்கள். அங்கிருந்து ஏறத்தாழ 12 மைல் செங்குத்தான ஏற்றம். வசதியுள்ளவர்கள் குதிரையிலோ ஆட்கள் சுமந்த நாற்காலியிலோ சென்றனர். அந்தப் பாதையின் பெயரே 'கூலி காட்'. 1914-ல் லாஸ் காட் சாலை முடியும்வரை இதுவே முதன்மை வழி. கொடைக்கானலைப் பற்றிய எழுத்துகளில் பங்களாக்களின் பெயர்களும் அவற்றைக் கட்டியவர்களின் பெயர்களும் நிறைய உண்டு. விருந்து மேசைக்கு வேண்டியதைச் சுமந்தவர்களின் பெயர்கள் அவற்றில் காணக் கிடைப்பது அரிது.

செண்பகனூர் உணவறை

தடைசெய்யப்பட்டிருந்த இயேசு சபை மீட்கப்பட்டபின், 1830-களின் இறுதியில் பிரெஞ்சுத் துறவிகள் மீண்டும் மதுரை மிஷனுக்கு வந்தனர். அவர்களில் ஒருவரான லூயி சேன் சிர் 1866-ல் கொடைக்கானலில் சலேத் மாதா ஆலயத்தைக் கட்டினார். பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் 1846-ல் மாதா காட்சி தந்ததாக நம்பப்படும் ஊரின் பெயர் அது. ஒரு மலையின் மாதாவை இன்னொரு மலையில் குடியேற்றினார்கள்.

1895-ல் செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரி தொடங்கியது. இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தால் இன்று அறியப்படும் இக்கல்லூரி, அடிப்படையில் இளம் துறவிகளுக்கான பயிற்சி இல்லம். இத்தகைய இல்லங்களில் உணவு வேளைக்குத் தனி ஒழுங்கு உண்டு. அனைவரும் நீண்ட மேசைகளில் வரிசையாக அமர்வர். ஒருவர் நூலொன்றை உரக்க வாசிப்பார், மற்றவர்கள் பேசாமல் கேட்டபடியே உண்பார்கள். பரிமாறுவதும் பாத்திரம் கழுவுவதும் பயிற்சியின் பகுதி. பிரெஞ்சு உணவு என்றதும் நினைவுக்கு வரும் நீண்ட உரையாடலும் புட்டிகளும் நிறைந்த மேசைக்கு இது நேர் எதிரானது.

சேவியர் முதல் ஜென் வரை

தமிழகத்தையும் ஜப்பானையும் இயேசு சபை முன்பே இணைத்திருந்தது. முத்துக்குளித்துறையில் 1542 முதல் பணியாற்றிய பிரான்சிஸ் சேவியர் 1549-ல் ஜப்பானின் ககோஷிமாவில் இறங்கினார். அவருக்குப் பின் வந்த போர்த்துக்கீசிய மிஷனரிகளும் வணிகர்களும் நாகசாகியின் கஸ்தெல்லா கேக்குக்கும், மாவில் தோய்த்துப் பொரிக்கும் தெம்புராவுக்கும் காரணமானவர்கள்.

நான்கு நூற்றாண்டுகள் கழித்து ஓட்டம் எதிர்த்திசையில் திரும்பியது. ஜெர்மானிய இயேசு சபைத் துறவி ஹூகோ எனோமியா லசால் 1945-ல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது அங்கிருந்து உயிர் தப்பியவர். அவர் ஜென் தியானம் கற்றார். காமகுராவில் யமாதா கோவுன் என்னும் ஆசிரியரிடம் பல கிறித்தவத் துறவியர் பயின்றனர். தமிழரான ஆமா சாமி அடிகளும் அவரிடம் பயின்று, கற்பிக்கும் உரிமை பெற்றார். 1996-ல் கொடைக்கானல் சாலையில் பெருமாள்மலையில் அவருடைய போதி ஜென்டோ தியான மையம் திறக்கப்பட்டது.

ஜென்னில் சமையல்

ஜென் மடங்களில் சமையற்காரர் வேலைக்காரர் அல்லர், மூத்த துறவிகளில் ஒருவர். ஜப்பானிய ஞானி டோகென் 1237-ல் சமையற்காரருக்கான அறிவுரைகளைத் தனி நூலாகவே எழுதினார். அதில் தன் இளமை அனுபவம் ஒன்றைச் சொல்கிறார். 1223-ல் சீனத் துறைமுகத்தில் அவர் கப்பலில் இருந்தபோது, மடத்துச் சமையற்காரரான ஒரு முதிய துறவி ஜப்பானியக் காளான் வாங்க நெடுந்தொலைவு நடந்து வந்தார். இரவு தங்கிப் பேசலாமே, சமையலை வேறு யாராவது பார்த்துக்கொள்ள மாட்டார்களா, இந்த வயதில் தியானத்தில் அமராமல் ஏன் அடுப்படியில் உழல வேண்டும் என்று டோகென் கேட்டார். முதியவர் சிரித்துவிட்டு, உமக்கு இன்னும் பயிற்சி என்றால் என்னவென்று தெரியவில்லை என்ற பொருளில் பதில் கூறிக் கிளம்பிவிட்டார். மறுநாள் சமையல் அவருடைய பொறுப்பு.

பெருமாள்மலையில் பரிமாறப்படுவது ஜப்பானிய உணவன்று, நம்மூர்ச் சைவ உணவே. ஜப்பானிலிருந்து வந்தது உண்ணும் முறை. தீவிரப் பயிற்சி நாட்களில் உணவு மௌனத்தில் நிகழ்கிறது. செண்பகனூர் உணவறையின் வாசிப்புக் குரல் இங்கே இல்லை. சமையலறை வேலையும் தோட்ட வேலையும் தியானத்தின் நீட்சியாகக் கருதப்படுகின்றன.

மலை விளைச்சல்

அயல்நாட்டவரின் மேசைகளால் மலையில் நேர்ந்த நிலையான மாற்றம் வயலில்தான் தெரிகிறது. கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, பீன்ஸ், பேரிக்காய், பிளம்ஸ் ஆகியவை மேல்மலைக் கிராமங்களின் வாழ்வாதாரமாயின. இன்று அவை ஒட்டன்சத்திரம் சந்தைக்கும் மதுரைக்கும் லாரிகளில் இறங்குகின்றன. பூம்பாறை, மன்னவனூர் பகுதிகளில் விளையும் மலைப்பூண்டு புவிசார் குறியீடு பெற்றுள்ளது. கொடைக்கானலின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இந்த விளைச்சலையும் காரமிக்க அந்தப் பூண்டையும் அருகருகே குவித்து விற்கிறார்கள்.